பாறையில் ஏறிய சொல்

ஒரு காட்டில் ஒரு பாறை இருந்தது. பாறை இல்லாத காடு எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், பிள்ளைகளே. இது சும்மா கிடந்த பாறை இல்லை. இதன்மேல் மூன்று வரிகள் எழுதப்பட்டிருந்தன.

அந்த வரிகள் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்னொரு காலத்தில் அந்தக் காட்டை ஒரு புலி ஆண்டது. அதன் எதிரில் வாய் திறந்தவர் அன்றைக்கே அதற்கு இரை. தன்னைத் தவிர வேறு எதையும் யாரும் கும்பிடக் கூடாது என்றது. பிடிக்காதவர்களை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் காட்டைவிட்டு விரட்டியது. கடைசியில் அதற்கும் பல் விழுந்தது. காலம் வந்தது, போய்ச் சேர்ந்தது. அன்று காட்டில் ஒருவர் கண்ணிலும் ஒரு சொட்டு நீர் இல்லை.

மிருகங்கள் எல்லாம் பாறைக்குப் பக்கத்திலிருந்த நாவல் மரத்தடியில் கூடின. பேசின, பேசின, மூன்று நாள் பேசின. கடைசியில் முள்ளம்பன்றி தன் முள்ளைப் பிடுங்கிப் பிடுங்கிப் பாறையில் கீறி எழுதியது:

எவர் வாயையும் எவரும் அடைக்கக் கூடாது.

எவர் கும்பிடுவதையும் எவரும் தடுக்கக் கூடாது.

எவரையும் இருக்கும் இடத்தைவிட்டு எவரும் விரட்டக் கூடாது.

எழுதி முடித்தபோது முள்ளம்பன்றிக்கு முதுகில் பாதி முள் இல்லை. "வளர்ந்துவிடும்" என்றது அது.

இந்த வரிகளில் ஒரு புள்ளியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் கூட்டம் கூட வேண்டும். தலைமை தாங்கும் யானை, "மறுப்பவர் உண்டா? ஒருதரம்… இரண்டுதரம்… மூன்றுதரம்…" என்று கேட்கும். அதற்குள் யாராவது ஒருவர் "மாட்டேன்" என்று சொல்லிவிட்டால் போதும், பேச்சு அதோடு சரி. சொன்னது யானையா எறும்பா என்ற கேள்வியே கிடையாது. நல்ல ஏற்பாடுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதன் பிறகு காட்டில் அவரவர் பாடு அவரவருக்கு. கரடி புற்றைக் கும்பிட்டது. தவளைகள் மழையைக் கும்பிட்டன. மயில் மேகத்தைக் கண்டால் போதும், தோகையை விரித்துவிடும். யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை.

மடுவின் கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. மடு என்றால் ஓடையில் கோடையிலும் வற்றாத ஆழமான பள்ளம். காடு முழுவதும் அங்கேதான் தண்ணீர் குடிக்கும். ஆள்காட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் கால், சிவந்த மூக்கு, எப்போதும் எங்கேயோ அவசரமாகப் போவதுபோல் ஒரு நடை. புதிதாக யாராவது வந்தால் போதும், "யாரது? யாரது? யாரது?" என்று காதைக் கிழிக்கும். அதற்கு மரத்தில் கூடு கிடையாது. கரையில் கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழி, அதில் நான்கு முட்டை, அவ்வளவுதான் அதன் வீடு.

அது கும்பிடும் விதம்தான் எல்லோருக்கும் வேடிக்கை. சூரியன் சாயும் நேரத்தில் மல்லாந்து படுத்துக்கொள்ளும். இரண்டு கால்களையும் மேலே தூக்கும். "வானமே, விழாதே! நான் தாங்குகிறேன், விழாதே!" என்று கத்தும்.

"ஈர்க்குச்சி மாதிரிக் காலை வைத்துக்கொண்டு நீ வானத்தைத் தாங்குகிறாயாக்கும்?" என்று கரடி ஒரு நாள் கேட்டது.

"இதுவரை விழுந்திருக்கிறதா?" என்றது ஆள்காட்டி.

கரடி தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டது.

அதே கரையில் ஒரு பெண் மிளாவும் இருந்தது. மிளா என்றால் பெரிய மான், பழுப்பு நிறம், பாவப்பட்ட கண். இந்த மிளாவுக்குச் சண்டை என்றாலே நான்கு காலும் நடுங்கும். யாராவது குரலை உயர்த்தினால், "விடுங்களேன், எதற்கு வம்பு?" என்று நடுவில் வந்து நிற்கும். கெட்டது அல்ல, பிள்ளைகளே. ரொம்ப நல்லது. அதுதான் என் வருத்தமே.

மிளாவுக்கு ஒரே குட்டி. தவிட்டு நிறத்தில் இருந்ததால் தவிடன் என்று பெயர். பிறந்தபோதே பின்கால் ஒன்று கொஞ்சம் வளைந்திருந்தது. நடக்கும், துள்ளும், ஆனால் ஓட முடியாது. மலைக்கு அப்பாலிருந்து செந்நாய்கள் வந்தால் மற்றக் குட்டிகள் ஓடித் தப்பும். தவிடன் தப்ப வேண்டுமென்றால் ஒரே வழி, முன்கூட்டியே தெரிய வேண்டும். செந்நாய் ஓடையில் கால் வைக்கும்போதே ஆள்காட்டி கத்தும். எங்கே மேய்ந்துகொண்டிருந்தாலும் மிளாவின் காதில் விழும். ஓடி வந்து குட்டியை முட்டித் தள்ளி முட்டித் தள்ளி முள் புதருக்குள் சேர்த்துவிடும். அந்தக் கோடையில் மட்டும் பதினோரு முறை அப்படி நடந்தது.

"அக்கா, உன் வாய் இல்லையென்றால் என் குட்டி இல்லை" என்று மிளா சொல்லும்.

"போடி, எனக்குக் கத்தாமல் இருக்கத் தெரியாது. இதில் நன்றி என்ன வேண்டிக்கிடக்கிறது?" என்று ஆள்காட்டி சொல்லும்.

பதினோரு முறையும் செந்நாய்கள் வெறும் வயிற்றோடு திரும்பின. அவற்றோடு இன்னொரு வயிறும் காய்ந்தது. அது நரியின் வயிறு. செந்நாய் தின்று போட்ட மிச்சத்தில்தான் நரி பிழைத்தது. இது காட்டில் யாருக்கும் தெரியாது. உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

நரி யோசித்தது. ஆள்காட்டியின் வாயை அடைக்க வேண்டும். ஆனால் பாறையில் முதல் வரியே அதைக் கூடாது என்கிறது. அந்த வரியை அழி என்று சொன்னால் காடே சேர்ந்து உதைக்கும். சரி, அழிக்க வேண்டாம், அலங்கரிப்போம் என்று முடிவு செய்தது.

அடுத்த கூட்டத்தில் நரி எழுந்து நின்றது.

"பெரியோர்களே, நம் பாறை நமக்கு உயிர். ஆனால் வரிகள் கொஞ்சம் மொட்டையாக இருக்கின்றன. ஒரே ஒரு சொல் சேர்த்தால் எவ்வளவு அழகாக இருக்கும் பாருங்கள். 'எவர் வாயையும் காரணமின்றி எவரும் அடைக்கக் கூடாது.' மூன்று வரியிலும் அதே சொல். காரணமின்றி. அவ்வளவுதான்."

"அட, நன்றாகத்தான் இருக்கிறது" என்றது மயில்.

"காரணமில்லாமல் யாரையும் ஒன்றும் செய்யக் கூடாது. அதைத்தானே நாமும் சொல்கிறோம்?" என்றது கரடி. வரிகள் கொஞ்சம் நீளமானால் இன்னும் கெட்டியாகும் என்று அது நினைத்துக்கொண்டது.

யானை தும்பிக்கையை உயர்த்தியது. "மறுப்பவர் உண்டா? ஒருதரம்… இரண்டுதரம்…"

"மாட்டேன்!" என்றது ஆள்காட்டி.

எல்லாத் தலைகளும் திரும்பின.

"ஏன் மாட்டாய்?" என்றது நரி, தேன் ஒழுக.

"காரணம் இருக்கிறதா இல்லையா என்று யார் சொல்வது?"

"கூட்டம் சொல்லும். நாம் எல்லோரும் சேர்ந்து சொல்லுவோம். இதற்குமேல் என்ன நியாயம் வேண்டும் உனக்கு?"

"காரணம் தேடினால் யாருக்கும் கிடைக்கும். நம் பழைய புலிக்குக்கூட ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. மாட்டேன் என்றால் மாட்டேன்."

வழக்கப்படி பேச்சு முடிந்தது. ஆனால் நரி விடவில்லை. அடுத்த கூட்டத்திலும் அதையே கொண்டுவந்தது. ஆள்காட்டி மறுபடி "மாட்டேன்" என்றது. அதற்கடுத்த கூட்டத்திலும் அதே பாட்டு. கூட்டம் நீண்டது. வெயில் ஏறியது. எல்லோருக்கும் பசி. ஆத்திரம் யார்மேல் வந்தது தெரியுமா? திரும்பத் திரும்பக் கேட்டவன்மேல் வரவில்லை. திரும்பத் திரும்ப மறுத்தவள்மேல் வந்தது. உலகம் இப்படித்தான், என்ன செய்வது!

"ஒரு பிடி குருவி, காட்டையே ஆட்டி வைக்கிறது" என்று கரடி முணுமுணுத்தது.

"அது உன் சிநேகிதிதானே, நீ சொல்லக் கூடாதா?" என்று மயில் மிளாவைக் கேட்டது. மடுவுக்குப் போகும் வழியில் முயல் கேட்டது. பன்றி கேட்டது. கடைசியில் நரியே வந்து மெல்லிய குரலில் கேட்டது.

"நீங்கள் நல்லவர். நீங்கள் சொன்னால் அது கேட்கும். ஒரு சொல்லுக்காகக் காடு இரண்டுபட வேண்டுமா, அம்மா?"

மிளாவுக்கு இரண்டு நாளாகப் புல் இறங்கவில்லை. எல்லோரும் தன்னைப் பார்த்து முகம் சுளிப்பதுபோல் இருந்தது. மூன்றாம் நாள் கரைக்குப் போய் ஆள்காட்டியின் பக்கத்தில் நின்றது.

"அக்கா, எனக்காக ஒன்று செய்வாயா?"

"கேளேன்."

"அந்தச் சொல்லை ஒத்துக்கொண்டுவிடு. ஒரே ஒரு சொல்தானே? எதையும் அழிக்கவில்லையே, சேர்க்கத்தானே செய்கிறார்கள். எல்லோரும் உன்னைத் திட்டுகிறார்கள். எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை."

ஆள்காட்டி முட்டைகளை மூக்கால் புரட்டிவிட்டு மறுபடி அவற்றின்மேல் உட்கார்ந்தது.

"என்னைத் திட்டினால் எனக்கு ஒன்றும் இல்லையே, தங்கச்சி."

"எனக்கு இருக்கிறதே."

"அது நல்ல சொல் இல்லை. எனக்கு மனதுக்குப் படுகிறது."

"உனக்கு எல்லாமே அப்படித்தான் படும். வானம்கூட விழும் என்றுதான் உனக்குப் படுகிறது" என்று மிளா சிரித்தது. "எனக்காக, அக்கா. ஒரே ஒரு தடவை."

அடுத்த கூட்டத்தில் யானை கேட்டது. "ஒருதரம்… இரண்டுதரம்…"

எல்லோரும் ஆள்காட்டியைப் பார்த்தார்கள். ஆள்காட்டி மிளாவைப் பார்த்தது. மிளா கண்ணாலேயே கெஞ்சியது.

"மூன்றுதரம்."

முள்ளம்பன்றி முள்ளைப் பிடுங்கிக்கொண்டு பாறைமேல் ஏறியது. காடே கைதட்டியது. காட்டில் ஏது கை என்று கேட்காதீர்கள், காலைத் தட்டின என்று வைத்துக்கொள்ளுங்கள். மிளாவுக்கு அன்று வயிறார மேய்ச்சல். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

பத்து நாள்கூட ஆகவில்லை. நரி மறுபடி எழுந்தது.

"ஒரு சின்னப் புகார். மடுக்கரையில் தினமும் ஒருவர் மல்லாந்து படுத்துக்கொண்டு, வானம் விழும், வானம் விழும் என்று கத்துகிறார். பகலிலும் சும்மா இருப்பதில்லை, யாரது யாரது என்று ஓயாத கூச்சல். பச்சைக் குழந்தைகள் பயந்து பால் குடிப்பதில்லை. முயலின் குட்டிகளைக் கேளுங்கள்."

"என் குட்டிகள் நன்றாகத்தான்…" என்று முயல் தொடங்கியது.

"பாவம், பயத்தில் முயலுக்கே பேச்சு வரவில்லை" என்றது நரி. "நான் யார் வாயையும் அடைக்கச் சொல்லவில்லை. யார் சாமியையும் குறை சொல்லவில்லை. கும்பிடட்டும், சத்தமில்லாமல் கும்பிடட்டும். கத்தட்டும், காரணத்தைச் சொல்லிக் கூட்டத்தைக் கேட்டுவிட்டுக் கத்தட்டும். கேட்காமல் கத்தினால் கரையைவிட்டுப் போகட்டும். பாறையில் உள்ளதைத்தான் நானும் சொல்கிறேன்."

யானை பாறையைப் பார்த்தது. அது நேர்மையான யானை. எழுதியிருப்பதற்கு மேலும் போகாது, கீழும் போகாது. "அப்படித்தான் எழுதியிருக்கிறது" என்று பெருமூச்சு விட்டது. "காரணம் போதாது என்பவர் உண்டா? ஒருதரம்…"

"மாட்டேன்! மாட்டேன்! மாட்டேன்!" என்றது ஆள்காட்டி.

"தன் வழக்கில் தானே மறுப்பது எந்த ஊர் நியாயம்? வேறு யாராவது சொல்லட்டும்" என்றது நரி. அதுவும் சரிதானே என்று கூட்டம் தலையாட்டியது.

"இரண்டுதரம்…"

வேறு யாராவது ஒருவர். ஒரே ஒரு வாய். மிளாவுக்குச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. கேட்டுவிட்டுக் கத்துவது ஒன்றும் பெரிய தொல்லை இல்லையே, இதற்குப் போய் மறுபடி சண்டையா என்று நினைத்தது. தலையைக் குனிந்து புல்லைப் பார்த்தது. அங்கே புல்லும் இல்லை, வெறும் மண்தான்.

"மூன்றுதரம்."

அன்று மாலை ஆள்காட்டி மல்லாந்து படுத்தது. காலைத் தூக்கியது. வாயைத் திறக்கவில்லை.

"சத்தமில்லாமல் கும்பிட்டால் சாமி கோபித்துக்கொள்ளுமா, அக்கா?" என்று மிளா ஆறுதலாகக் கேட்டது.

"சாமிக்குக் கேட்குமோ என்னவோ. எனக்கே கேட்கவில்லை, தங்கச்சி" என்றது ஆள்காட்டி.

இனிமேல் நடந்ததைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தொடங்கிவிட்டேன், சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு நாள் வெயில் சாயத் தொடங்கிய நேரம். மிளா தவிடனைக் கோரைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு மேட்டுக்கு அப்பால் மேயப் போயிருந்தது. ஓடையின் மேல்பக்கம் மணல் சரசரத்தது. ஆள்காட்டி தலையைத் தூக்கிப் பார்த்தது. நான்கு செந்நாய்கள். மூக்கைத் தரையில் வைத்தபடி இறங்கி வந்துகொண்டிருந்தன.

ஆள்காட்டி கத்த வாயைத் திறந்துவிட்டது. அப்போது அடிவயிற்றின் கீழே முட்டை ஒன்று லேசாக அசைந்தது. உள்ளே குஞ்சு கொத்திப் பார்க்கிறது. இன்றோ நாளையோ வெளியே வந்துவிடும். கேட்காமல் கத்தினால் கரையைவிட்டு விரட்டுவார்கள். முட்டையைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அதோடு, கேட்டுவிட்டுக் கத்து என்று சொன்ன கூட்டத்தில்தானே மிளாவும் நின்றது. கேட்டுவிடலாம், ஒரே பறப்பில் போய்க் கேட்டுவிடலாம் என்று நினைத்தது.

மிளாவைத் தேடிப் போகலாம் என்றால், அது எந்தப் பக்கம் மேய்கிறதோ யாருக்குத் தெரியும்? கத்தினால்தான் அதன் காதில் விழும். ஆள்காட்டி யானை நிற்கும் நாவல் மரத்தை நோக்கிப் பறந்தது.

"பெரியவரே, நான் கத்த வேண்டும்! இப்போதே கத்த வேண்டும்!"

"காரணம்?" என்றது யானை.

"செந்நாய்! நான்கு! ஓடையில் இறங்கிவிட்டன. தவிடன் புல்லில் கிடக்கிறான்!"

யானை பதறியது. ஆனால் தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு, "காரணம் போதுமா என்று நான் மட்டும் சொல்ல முடியாதே. கூட்டம்தான் சொல்ல வேண்டும். முயலே, ஓடு, எல்லோரையும் கூப்பிடு" என்றது.

முயல் ஓடியது. கரடி கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தது. மயில் வந்தது. பன்றி வந்தது. நரி முதல் ஆளாகவே அங்கு நின்றது.

"நான்கு என்கிறாயே, எண்ணினாயா?" என்றது நரி.

"எண்ணினேன்!"

"உனக்கு எதுவரை எண்ணத் தெரியும்?"

"நான்குவரை தெரியும், எனக்கு நான்கு முட்டை!"

"சரி. அவை குட்டியைத்தான் தேடி வந்தன என்று எப்படித் தெரியும்? தாகமாக இருந்திருக்கலாம். மடுவில் யாரும் தண்ணீர் குடிக்கலாம். குடிக்க வந்தவர்களைப் பார்த்துக் கூச்சல் போட்டு விரட்டினால் மூன்றாவது வரி என்ன ஆவது?"

"ஐயோ, நேரமாகிறது!"

"நேரமாகிறது என்பது காரணம் ஆகுமா?" என்று நரி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டது. "கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்."

கரடி யோசித்தது. மயில் யோசித்தது. ஐயோ, யோசித்தார்கள், பிள்ளைகளே, உட்கார்ந்து யோசித்தார்கள்!

"கத்தட்டுமே! கத்தினால் என்ன கெட்டுப்போய்விடும்?" என்று முயல்தான் கடைசியில் கீச்சிட்டது.

யானை அவசரமாகக் கேட்டது. "கத்தக் கூடாது என்பவர் உண்டா? ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம்!"

நரி மாட்டேன் என்று சொல்லவில்லை. வாலை ஒதுக்கிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தது. இனி எவ்வளவு கத்தினாலும் ஒன்றுதான் என்று அதற்குத் தெரியும்.

"கத்தலாம்" என்றது யானை.

ஆள்காட்டி பறந்தது. கத்தியது. தொண்டை கிழியக் கத்தியது. முறைப்படி, அனுமதியோடு கத்தியது. மேட்டுக்கு அப்பால் மிளா நிமிர்ந்தது. வாயிலிருந்த புல்லைத் துப்பிவிட்டு ஓடி வந்தது.

கோரைப் புல் நசுங்கிக் கிடந்தது. தவிடன் இல்லை.

மிளா அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. முகர்ந்தது. கூப்பிட்டுப் பார்த்தது. பிறகு ஆள்காட்டியிடம் வந்து நின்றது. அதன் குரல் அவ்வளவு உயர்ந்து அதுவரை யாரும் கேட்டதில்லை.

"நீ பார்க்கவில்லையா?"

"பார்த்தேன்."

"எப்போது?"

"ஓடையில் இறங்கும்போதே பார்த்தேன்."

"பிறகு ஏன் கத்தவில்லை? பாவி, ஏன் கத்தவில்லை?"

"கேட்கப் போனேன், தங்கச்சி" என்றது ஆள்காட்டி.

மிளா திரும்பிப் போய் நசுங்கிய கோரைப் புல்லின்மேல் நின்றது.

மறுநாள் கூட்டத்தைக் கூட்டியது மிளாதான். சண்டைக்கு நடுங்கும் அந்த மிளா பாறையின் எதிரில் நின்று, எல்லோர் முகத்தையும் பார்த்துப் பேசியது.

"அந்தச் சொல்லை எடுங்கள். காரணமின்றி என்று எழுதிய இடத்தைத் தேய்த்து அழியுங்கள். பழைய மூன்று வரியும் பழையபடி இருக்கட்டும். என் குட்டி போய்விட்டது. இன்னொரு குட்டி போக வேண்டாம்."

கரடி அழுதது. மயில் தோகையைத் தரையில் போட்டுக்கொண்டு நின்றது. "எடுத்துவிடலாம், எடுத்துவிடலாம்" என்று எல்லாப் பக்கமிருந்தும் குரல்கள் வந்தன. முள்ளம்பன்றி முள்ளைப் பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டு காத்திருந்தது.

யானை கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது. "சொல்லை எடுக்க மறுப்பவர் உண்டா? ஒருதரம்… இரண்டுதரம்…"

"மாட்டேன்" என்றது நரி.

"அடப் பாவி! நீ யார் மறுப்பதற்கு?" என்று கரடி பாய்ந்தது.

"நான் ஒருவன். ஒருவர் மறுத்தால் போதும் என்பது உங்கள் ஏற்பாடுதானே? எறும்பு சொன்னாலும் செல்லும் என்றீர்கள், நரி சொன்னால் செல்லாதா? அன்று அது அதன் சொந்த வழக்கு. இது பொது வரி. பெரியவரே, நான் சொல்வதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள்."

எல்லோரும் யானையைப் பார்த்தார்கள். யானை பாறையைப் பார்த்தது. வெகு நேரம் பார்த்தது. தப்பு எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"பேச்சு முடிந்தது" என்றது யானை. அதன் குரல் அதற்கே பிடிக்கவில்லை.

ஒருவர் பின் ஒருவராகக் கலைந்தார்கள். மிளா மடுக்கரைக்கு வந்து ஆள்காட்டியின் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

"நான் மட்டும் உன்னைக் கெஞ்சாமல் இருந்திருந்தால்… வேறு யார் கேட்டிருந்தாலும் நீ ஒத்துக்கொண்டிருப்பாயா, அக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆள்காட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"மாட்டேன்" என்றது.

அன்று நான்கு முட்டைகளும் பொரிந்தன. நான்கு குஞ்சுகளும் கூழாங்கல் நிறத்தில் இருந்தன. நன்றாக நடந்தன, நன்றாகத் தின்றன. மேலே பருந்தின் நிழல் போனாலும், ஓடையில் மணல் சரசரத்தாலும் தாயைப் போலவே கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தன. பார்த்துவிட்டு மண்ணோடு மண்ணாக அமுங்கிக்கொண்டன. தாய் கத்தி அவை கேட்டதே இல்லை. அதனால் கத்தலாம் என்பதே அவற்றுக்குத் தெரியவில்லை.

நீதி: எல்லோருக்கும் காவலான சட்டத்தில் சின்னதாக ஒரு விலக்கை நுழையவிட்டால், அது முதலில் அடைப்பது நமக்காகக் கத்தும் வாயைத்தான்.